மூன்று மாடிச் சொர்க்கமும் ஓர் எலும்புக் குழியும்

மாநில எல்லையில், வேலந்தாவளம் மாட்டுச் சந்தைக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த மருதாத்தாள், தன் வாழ்நாளின் கடைசிப் பகுதியில் ஒரு சொட்டு டீகூடக் குடிக்கவில்லை. காப்பியும் இல்லை. டாக்டர் சொல்லி அல்ல, கடவுள் சொல்லி. ஏறக்குறைய இருநூறு வருடங்களுக்கு முன்னால், அமெரிக்காவில் ஒரு தீர்க்கதரிசிக்கு இறங்கிய பத்திய விதி அது. வேலந்தாவளம் செக்போஸ்ட்டை ஒரு கோழி லாரிகூட நின்று பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. இந்தக் கட்டளை மட்டும் யாரும் கேட்பாரில்லாமல் தாண்டி வந்து, அக்கம்பக்கத்தில் துணிக்கடைகளும் உரக்கடைகளும் வரிசையாக இருக்க, ஒரு டீக்கடையைத் தேடிப் பிடித்து உட்கார்ந்துகொண்டது.

டீயின் பதத்தை மருதாத்தாள் நிறத்தையும் வாசத்தையும் வைத்துச் சொல்லிவிடுவாள். சந்தேகம் வந்தால் முதல் கிளாஸைக் கணவர் ஏசுரத்தினத்திடம் நீட்டுவாள். அவர் கத்தோலிக்கர், அவர் குடிப்பதற்கு எந்த வேதத்திலும் தடை இல்லை.

"சரக்கோட ருசி தெரியாம விக்கறியே அம்மிணி, பாவமில்லையா?" என்று மாட்டுத் தரகர்கள் சீண்டுவார்கள்.

"நீங்க மட்டும் மாட்டக் கடிச்சுப் பாத்தா விக்கறீங்க?" என்பாள்.

விளையாட்டாகத்தான் பேசுவாள். ஆனால் அந்த விரதத்துக்குப் பின்னால் விளையாட்டு எதுவும் இல்லை. செத்துப்போன தன் குழந்தையோடு போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே வேலை. மற்றதெல்லாம், டீக்கடை உட்பட, அந்த வேலைக்கு இடையே நடந்தவை.

எல்லைக்கு அந்தப் பக்கம் கிணத்துக்கடவுக்காரி அவள். சந்தைக்கு மாடு ஓட்டி வந்த தகப்பனோடு வந்தவள், டீக்கடைக்காரரின் மகன் ஏசுரத்தினத்தைப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னால் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்து மார்த்தா என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரைப் பங்குச் சாமியார் மட்டும் உபயோகித்தார். அதுவும் பெரும்பாலும் கோவிலில் அறிக்கை வாசிக்கும்போது. அவளுடைய அண்ணன் மோகனசுந்தரம், தங்கை செத்துவிட்டதாக அறிவித்துக் கிணற்றடியில் தலை முழுகினார். ஆகவே மருதாத்தாள் முதல் தடவை இறந்தது கல்யாணத்தன்று.

குழந்தை பிறந்தது பக்கத்துச் சித்தூரில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில், நல்ல வெயில் நேரத்தில். பெண் குழந்தை. மூச்சு சரியில்லை என்று நர்ஸ் சொன்னபோது ஏசுரத்தினம் பிளாஸ்கில் டீ வாங்கிக்கொண்டு அப்போதுதான் படியேறி வந்திருந்தார். பிளாஸ்கைக் கையில் பிடித்தபடியே நின்றார். அவர் அதைக் கீழே வைப்பதற்குள் குழந்தை போய்விட்டது.

விஷயத்தைக் கேட்ட அன்றைய பங்குச் சாமியார் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"அவசரத்துக்கு யாரு வேணும்னாலும் தண்ணி ஊத்தி ஞானஸ்நானம் குடுக்கலாமே ஏசுரத்தினம்! நர்ஸ் ஊத்தலாம். நீ ஊத்தலாம். ஒரு இந்து ஊத்தினாக்கூடச் செல்லுபடியாகும். கையில ஒண்ணுமே இல்லையா?"

"டீ இருந்துதுங்க சாமி."

வேறொருவராக இருந்தால் இந்தப் பதிலைக் கேட்டு அழுதிருப்பார், அல்லது அடித்திருப்பார். சாமியார் குருமடத்தில் முறையாகப் படித்தவர். ஒரு நிமிடம் யோசித்தார்.

"பால் கலந்ததா?"

"ஆமாங்க சாமி."

"அப்பச் செல்லாது. கட்டன் டீயா, ரொம்ப லேசா இருந்திருந்தா, வேற தண்ணியே கெடைக்காத எடத்துல, ஊத்திப் பாக்கலாம்னு பழைய பண்டிதர்கள் சிலபேர் எழுதியிருக்காங்க. அதுவும் சந்தேகம்தான்."

ஏசுரத்தினம் அன்றிலிருந்து பால் டீயைத் தொட்டதில்லை. கட்டன்தான் குடித்தார்.

ஞானஸ்நானம் பெறாத குழந்தையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்க அந்தச் சாமியாருக்கு மனம் துணியவில்லை. வேலிக்கு வெளியே, உண்ணிச்செடிப் புதர் ஓரமாக வைத்தார்கள். இடுக்கியிலிருந்து டீத்தூள் வரும் பலகைப் பெட்டி ஒன்று கடையில் இருந்தது. உள்ளே ஈயத்தாள், விளிம்பெல்லாம் தகரப் பட்டை. அதுதான் அளவாக இருந்தது. மணி அடிக்கவில்லை. அதற்குப் பிறகு மருதாத்தாளுக்குக் குழந்தை தங்கவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சமிருந்தது. சாமியார்கள் மாற்றலாகி வர வர, ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்டாள்.

"எம் பாப்பா இப்ப எங்கீங்க சாமி?"

முதல் சாமியார் சொன்னது: அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று ஓர் இடம் இருக்கிறது, வேதனை கிடையாது, கடவுளின் முகமும் கிடையாது. மருதாத்தாளுக்கு அது பஸ் வராத பஸ் ஸ்டாண்டு போலத் தோன்றியது. அடுத்து வந்தவர், அந்த இடத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை, கடவுளின் இரக்கத்தில் நம்பிக்கை வைக்கச் சொல்கிறது திருச்சபை என்றார். அது நல்ல செய்திதான். ஆனால் இத்தனை காலம் பாப்பாவை அங்கே நிறுத்தி வைத்திருந்தது யார் என்று அவள் கேட்டபோது, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டார். மூன்றாமவர், இப்படியெல்லாம் யோசிக்காமல் அக்கம்பக்கத்து வீடுகளில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கு வரச் சொன்னார்.

சி.எஸ்.ஐ. பாஸ்டரிடம் போனாள். பெந்தெகொஸ்தே பாஸ்டரிடமும் போனாள். குழந்தை இயேசுவின் மடியில் இருக்கிறது என்று இவர்கள் இருவரும் தயக்கமே இல்லாமல் சொன்னார்கள். மருதாத்தாள் அங்கேயே தங்கியிருப்பாள். ஆனால் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டாள்.

"நான் போனா என்னைய அம்மான்னு கூப்புடுமுங்களா? நான் எடுத்து வளத்தலாமுங்களா?"

அங்கே எல்லோரும் தேவனுடைய பிள்ளைகள். பூமியின் உறவுகள் அங்கே அப்படியே தொடருவதில்லை என்றார்கள் இருவரும், கொஞ்சம் வார்த்தைகளை மாற்றி. வேதத்தில் எழுதியிருப்பதைத்தான் சொன்னார்கள். மருதாத்தாள் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள்.

இப்படி இரண்டாயிரம் வருடத்துச் சபைகளெல்லாம் கைவிரித்த நேரத்தில், ஒரு சந்தை நாளன்று, வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டையும் மார்பில் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக இரண்டு பையன்கள் கோயம்புத்தூர் பஸ்ஸிலிருந்து இறங்கிக் கடைக்கு வந்தார்கள். ஒருவன் விசாகப்பட்டினத்துக்காரன், சிரிப்பான், பேசமாட்டான். இன்னொருவன் மதுரைப் பக்கத்துப் பாண்டித்துரை, சிரிக்கமாட்டான், பேசுவான். இருவருக்கும் மீசை சரியாக முளைக்கவில்லை. பெயர்ப் பட்டையில் 'எல்டர்' என்று இருந்தது. மூப்பர் என்று அர்த்தம். இந்த மூப்பர்கள் தலை நரைத்த மருதாத்தாளை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார்கள். மார்மன் சபையின் வழக்கம் அது.

"ரெண்டு டீயா தம்பி?"

"சுடுதண்ணி போதும் சிஸ்டர். நாங்க டீ குடிக்கறதில்ல."

டீக்கடைக்கு வந்து டீ வேண்டாம் என்கிறவர்களிடம் ஏதோ விஷயம் இருக்க வேண்டும் என்று மருதாத்தாளுக்குப் பட்டது. உட்காரச் சொன்னாள். தன் கேள்வியை எடுத்து வைத்தாள்.

பாண்டித்துரை உடனே சொன்னான்.

"எட்டு வயசுக்குக் கீழ சாகுற பிள்ளைகளுக்கு ஞானஸ்நானமே வேணாம் சிஸ்டர். ஆதாம் செஞ்ச தப்புக்கு ஆதாம்தேன் பொறுப்பு. பச்சப்பிள்ள என்ன செஞ்சுச்சு? உங்க பிள்ள இருக்கறது சொர்க்கத்துல மேல் மாடி."

"மாடிங்களா?"

"மூணு இருக்கு. மேல சூரியன் மாதிரி, நடுவுல சந்திரன் மாதிரி, கீழ நட்சத்திரம் மாதிரி. நல்லவங்கதேன், ஆனா நம்ம சபையச் சொன்ன பொறவும் ஏத்துக்கலைன்னா அவங்களுக்கு நடு மாடி. நரகத்துக்குன்னு போறவங்க ரொம்பக் கம்மி."

"என்னைய அம்மான்னு கூப்புடுமா தம்பி?"

"கூப்புடும். நீங்கதேன் வளக்கணும். உயிர்த்தெழும்போது பிள்ளையாத்தேன் எந்திரிக்கும். உங்க கையில குடுத்துருவாக."

மருதாத்தாள் அடுப்பைக் கவனிக்கவில்லை. பால் பொங்கி வழிந்தது. ஏசுரத்தினம் ஓடிவந்து அடுப்பை அணைத்தார்.

வாரா வாரம் வந்தார்கள். பாடம் பாடமாகச் சொன்னார்கள். பிதா வேறு ஆள், சுதன் வேறு ஆள், பரிசுத்த ஆவி இன்னொருவர், நோக்கத்தில்தான் ஒன்று. பிதாவுக்கு நம்மைப்போலவே சதையும் எலும்புமான உடம்பு உண்டு.

"சின்னதுல இருந்து மூணும் ஒண்ணுன்னு சொல்லிட்டு வர்றனுங்க தம்பி," என்றார் ஏசுரத்தினம், பாய்லர் பக்கமிருந்து. "புரியாமத்தான் சொல்லிட்டு வந்தேன். இப்பப் போயி புரியற மாதிரி சொன்னா சாமிங்கற பயமே போயிருமில்லீங்க?"

மருதாத்தாளுக்கு அந்தச் சிக்கலே இல்லை. "அவருக்குக் கையிருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கு சிஸ்டர்."

"அப்பப் பாப்பாவத் தூக்கி வெச்சிருப்பாருங்க."

தீர்க்கதரிசிகள் பழைய காலத்தோடு முடியவில்லை, இப்போதும் ஒருவர் அமெரிக்காவில் உயிரோடு இருக்கிறார் என்றார்கள். இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். பழைய வேதத்தோடு இன்னொரு வேதம் பொற்றகடுகளில் கிடைத்தது என்றார்கள்; தங்க விலையைக் கேட்கும் தரகர்கள்தான் அதில் ஆர்வம் காட்டினார்கள். பிறப்பதற்கு முன்பே எல்லா உயிர்களும் பிதாவோடு இருந்தன, பூமிக்கு வருவது ஓர் உடம்பு வாங்கிக்கொள்ளத்தான் என்றார்கள். இதற்கு மட்டும் அவள் நெடுநேரம் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"அதானுங்க. உடம்பு வாங்கத்தான் வந்துச்சு. வாங்கிட்டுப் போயிருச்சு."

கோயம்புத்தூரில் அவளைத் தொட்டித் தண்ணீரில் முழுக்கி எடுத்தார்கள். டீ, காப்பி, கள், புகையிலை விலக்கு. டீ விற்கலாமா என்ற கேள்வி அவர்களுடைய மேலிடம்வரை போய், விற்பது குடிப்பதாகாது என்ற பதிலோடு திரும்பியது. அடுத்த ஞாயிறு பங்குக் கோவிலில் பிரசங்கம் சூடாக இருந்தது. "அவர்களும் இயேசு என்கிறார்கள், நாமும் இயேசு என்கிறோம். ஆனால் அவர்கள் சொல்கிற கடவுள் ஒரு காலத்தில் மனிதராக இருந்தவராம். மனிதரும் வளர்ந்து கடவுள்போல் ஆகலாமாம். அவர்கள் கொடுக்கும் ஞானஸ்நானத்தை நம் திருச்சபை ஞானஸ்நானமாகவே கருதுவதில்லை." முன்வரிசையில் இருந்த ஏசுரத்தினம் எல்லோரையும்போல ஆமென் சொன்னார். அவர் என்ன செய்வார், பிரசங்கம் முடிந்தால் ஆமென் சொல்வது வழக்கம்.

ஒரே ஒரு பாக்கி இருந்தது. குடும்பம் என்றென்றைக்கும் குடும்பமாக இருக்க வேண்டுமென்றால், புருஷனும் பெண்டாட்டியும் அந்தச் சபையின் ஆலயத்தில் முழந்தாளிட்டு முத்திரை பெற வேண்டும். பிறகு செத்த குழந்தையையும் அவர்களோடு சேர்த்து முத்திரையிடுவார்கள். ஆலயம் என்பது ஞாயிற்றுக்கிழமை கூடும் வாடகைக் கட்டடம் அல்ல. அது பெங்களூரில் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அது திறப்பதற்குள் ஏசுரத்தினமும் சேர வேண்டும்.

"இப்புடியே டீ குடிச்சுட்டு இருந்தீங்கன்னா உங்களுக்கு நடு மாடிதானுங்க," என்பாள்.

"எனக்கு நடு மாடியே போதும் புள்ள. மேல வெய்யல் தாங்காது."

"நான் பாப்பாவ வெச்சுட்டு ஒத்தையாக் கெடக்கோணுமா?"

"கட்டி முடியட்டும் புள்ள. அப்பறம் பாக்கலாம்."

அவர் நினைத்துக்கொண்டிருந்தது நம் ஊர்ப் பாலம் கட்டும் வேகத்தை. அந்தக் கணக்குப்படி இருவருக்கும் போதுமான ஆயுள் இருந்தது.

இதற்கிடையில் கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டது. பங்கு, வேலிக்கு வெளியே இருந்த துண்டு நிலத்தை வாங்கி மதில் கட்டத் தொடங்கியது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பங்கில் வசதியானவர்களுக்குச் சொந்தக் கல்லறை உண்டு. பளிங்கு, போட்டோ எல்லாம் இருக்கும். மற்றவர்களுக்கு வரிசைக் குழி. சில வருடம் கழித்து அதே குழியை அடுத்த ஆளுக்குத் திறப்பார்கள். உள்ளே இருப்பவரின் எலும்புகளைப் பொறுக்கி, தோட்டத்தின் மூலையில் கிணறு போலிருக்கும் அஸ்திக்குழியில் போட்டுவிடுவார்கள். அதற்கு ஓர் இரும்பு மூடி. குழி திறக்கும் நாளில் மட்டும் மூடியைத் தூக்குவார்கள். கூலிக்காரர், கடைக்காரர், சண்டை போட்டுப் பத்து வருடம் பேசாமலிருந்த பங்காளிகள் எல்லோரும் அதற்குள் ஒன்றாகிவிடுவார்கள். உயிர்த்தெழும் நாளில் யாருடைய எலும்பு யாருடையது என்று பிரிப்பது கடவுளின் பொறுப்பு.

கோவில் வேலை பார்க்கும் கப்பியார் டின்டு, நாற்பது வயதுக்காரர். ஒரு மத்தியானம் கடைக்கு வந்து, டீ சொல்லாமல் நின்றார்.

"சேச்சி, ஒரு காரியம். மதிலுக்கு அஸ்திவாரம் தோண்டும்போ உண்ணிச்செடி நின்ன எடத்துல ஒரு பெட்டியோட தகரப் பட்டை கிடைச்சு. கொஞ்சம் ஈயத்தாளு. உள்ள எலும்பு... ஒரு கைப்பிடிகூட இல்ல."

மருதாத்தாள் கிளாஸ் கழுவுவதை நிறுத்தினாள்.

"மேஸ்திரி மண்ணோட வாரிப் போடச் சொன்னாரு. எனக்கு மனசு வரல. அஸ்திக்குழியில போட்டேன். சாமியார் அச்சன்கிட்டச் சொல்லிராதீங்க, கேட்டோ."

"மூடி நல்லா மூடியிருக்குதுங்களா டின்டு?"

"பின்னே! ரெண்டு பேர் வேணும் தூக்க."

"உள்ள யாரெல்லாம் இருக்கறாங்க?"

"எல்லாரும்தான் சேச்சி. பங்கு முழுக்க."

"ஞானஸ்நானம் வாங்குனவியதானுங்களா?"

"அவங்கதான்."

மருதாத்தாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கடைக்குப் பின்னால் போனவள் வெகுநேரம் திரும்பி வரவில்லை. இத்தனை வருடமும் உள்ளே விடப்படாத குழந்தை, யாரிடமும் கேட்காமல் உள்ளே போய், பங்கின் முன்னோர்களுக்கு நடுவே படுத்துவிட்டது. அந்தக் குழந்தைக்காகச் சபை மாறி வெளியே போன தாய்க்கு இப்போது உள்ளே இடமில்லை. இரண்டு காரியத்தையும் ஒரே மதில் செய்தது. மதிலைச் சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார்.

கொஞ்ச காலத்தில் மருதாத்தாளுக்குக் கர்ப்பப்பையில் புற்று வந்தது. பரவிய பிறகுதான் தெரிந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

இப்போதைய பங்குச் சாமியார் இளையவர், இரக்கமுள்ளவர். ஒரு சாயங்காலம் வந்தார். அவர் உட்கார்ந்த சிறிது நேரத்தில் பாண்டித்துரையும் வந்து சேர்ந்தான். கட்டிலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நாற்காலி. ஏசுரத்தினம் சாமியாருக்கு டீயும் மூப்பருக்குச் சுடுதண்ணீரும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு சபைகளும் ஒன்றுக்கொன்று வணக்கம் சொல்லிக்கொண்டன.

"மார்த்தா," என்றார் சாமியார். டின்டு ஒருநாள் மனம் தாங்காமல் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். "போட்டதை எடுக்க முடியாது. கலந்தது கலந்ததுதான். எனக்கும் அதில் வருத்தமில்லை. நீயும் ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்மா. அந்தச் சபையை விட்டுட்டேன்னு சொல்லு. பாவசங்கீர்த்தனம் கேட்டு, மன்னிப்புக் குடுத்து, மணியடிச்சு, முறைப்படி எடுக்கறோம்."

"குழியில பாப்பாவோட சேந்துருவனுங்களா?"

"வரிசைப்படி எல்லாரும் ஒரு நாள் அங்கதானேம்மா."

"மேல?"

சாமியார் பொய் சொல்லத் தெரியாதவர். "மேல கடவுளைப் பார்ப்போம். நம்ம ஆளுங்களையும் அடையாளம் தெரியும். அன்பு இருக்கும். ஆனா எடுத்து வளக்கறது, ஊட்டறது, அதெல்லாம் அங்க இல்லம்மா. அங்க கடவுளே எல்லாருக்கும் போதும்."

அவள் தலையை மறுபக்கம் திருப்பினாள். "தம்பி, உங்க பக்கம்?"

"நீங்கதேன் வளக்கணும் சிஸ்டர். அது மாறாது."

"பொதைக்கறது?"

பாண்டித்துரை சுடுதண்ணீரைப் பார்த்தான். "நமக்கு இந்தப் பக்கம் கல்லறை நிலம் இல்ல சிஸ்டர். எங்க வச்சாலும் அவரு எழுப்பிருவாரு."

"ஒருத்தரு எலும்பத் தர்றீங்க. ஒருத்தரு உசுரத் தர்றீங்க," என்றாள் மருதாத்தாள். மூச்சு வாங்கியது. "ரெண்டு பேருஞ் சேந்து எம் புள்ளைய எனக்கு முழுசாத் தர மாட்டீங்களா?"

இருவரும் படித்தவர்கள், ஒருவர் குருமடத்தில், ஒருவன் தன் சபையின் பயிற்சி மையத்தில். இந்தக் கேள்விக்கு இரண்டு இடத்திலும் பாடம் இல்லை. சாமியார் டீயைக் குடித்து முடித்தார். பாண்டித்துரை பெயர்ப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"உசுரே போதுமுங்க சாமி," என்றாள் கடைசியில். "நீங்க டீ குடிங்க. இன்னொண்ணு போடச் சொல்லட்டுங்களா?"

அவர்கள் போன பிறகு கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க. நீங்க பின்னால வந்துருவீங்களா?"

"கட்டி முடியட்டும் புள்ள," என்றார் ஏசுரத்தினம். வேறு என்ன சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை. இத்தனை நாளாகச் சொல்லி வந்த பதில் அதுதான்.

மருதாத்தாள் இரண்டாவது தடவை இறந்தது ஒரு சந்தை நாள் காலையில். முதல் தடவை இறந்தபோது வராதவர்களெல்லாம் வந்தார்கள். அண்ணன் மோகனசுந்தரம் வேனோடு வந்து இறங்கினார். கையில் கோடிச் சேலை. கோயம்புத்தூர்ச் சபையிலிருந்து வந்த பெண்கள் ஒரு வெள்ளை உடுப்பு கொண்டுவந்திருந்தார்கள்.

"எங்கூட்டுப் புள்ள. எங்க மொறைப்படித்தான் எடுக்கோணும்," என்றார் மோகனசுந்தரம்.

"நீங்க அன்னைக்கே எடுத்துட்டீங்களே மச்சான்," என்றார் ஏசுரத்தினம்.

"அது கோவத்துல எடுத்தது. இது நெசம். உனக்கு எடம் இருக்குதா, சொல்லு. இருந்தா நான் போயிர்றேன்."

இடம் இல்லை. கோவிலுக்குள் இல்லை, அவளுடைய சபைக்கு இல்லவே இல்லை. வெள்ளை உடுப்பின் மேல் கோடிச் சேலையைப் போர்த்தினார்கள். பாண்டித்துரை ஒரு பாட்டுப் பாடினான். மதுரை ராகத்தில் அமெரிக்கப் பாட்டு. மோகனசுந்தரம் தேங்காய் உடைத்தார். எரிவாயு மயானத்தில் காரியம் சீக்கிரம் முடிந்துவிட்டது. மோகனசுந்தரம் சாம்பல் பானையை வாங்கிக்கொண்டு நேரே பேரூர் போய் ஆற்றில் கரைத்துவிட்டு, இரண்டாவது தடவையாகத் தங்கைக்காகத் தலை முழுகினார். ஒரு பிடியாவது எடுத்து வைத்திருந்தால் டின்டுவைக் கெஞ்சி அஸ்திக்குழியில் போட்டிருக்கலாம் என்று ஏசுரத்தினத்துக்குத் தோன்றியபோது, சாம்பல் நொய்யலில் நெடுந்தூரம் போயிருந்தது.

பாண்டித்துரை மாற்றலாகிப் போவதற்கு முன் ஒரு தடவை வந்தான்.

"பிரதர், ஒரு வருசம் கழிச்சு அவங்களுக்காக ஆலயத்துல செய்யலாம். செத்தவங்களுக்குப் பதிலா உயிரோட இருக்கறவங்க நிக்கலாம். அது நம்ம சபையில மட்டுந்தேன் உண்டு. நீங்க சேந்துட்டீங்கன்னா மூணு பேரையும் ஒண்ணா முத்திரை போட்டுருவாக."

ஏசுரத்தினம் பாய்லரில் கரி அள்ளிப் போட்டார்.

"நான் உங்க பக்கம் வந்துட்டா, தம்பி, என்னையக் கோவில் குழியில வெப்பாங்களா?"

"வைக்க மாட்டாக."

"அவ மேல போயிட்டா. அங்க இருக்கற பாப்பாவ அவ பாத்துக்குவா. இங்க குழிக்குள்ள கெடக்கறதுக்கு யாரு இருக்கறாங்க? நானும் வந்துட்டா அது ஊருச் சனத்துக்கு நடுவுல அனாதையாக் கெடக்குமுங்க."

"முத்திரை இல்லைன்னா அங்க அவங்களோட நீங்க சேர முடியாது பிரதர்."

"நான் செத்த பொறகு போடக் கூடாதுங்களா? எனக்கும் பதிலுக்கு ஆளு நிறுத்தி?"

பாண்டித்துரை கொஞ்சம் தடுமாறினான். "போடலாம். ஆனா தெரியாம செத்தவங்களுக்குத்தேன் அது. தெரிஞ்சே தள்ளிப்போட்டவங்களுக்கு மேல் மாடி கெடைக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"கெடைக்காட்டியும் சரி," என்றார் ஏசுரத்தினம். "எப்படியும் போட்டு வெய்யுங்க. அவகிட்டச் சொல்லீருங்க, நான் வேணும்னே வராம இருக்கலைன்னு."

யார் மூலம் சொல்வது என்று அவன் கேட்கவில்லை. அன்றைக்குச் சுடுதண்ணீரும் குடிக்காமல் பஸ் ஏறினான்.

ஏசுரத்தினம் இன்னும் கடை நடத்துகிறார். பங்கில் யார் செத்தாலும் கடையை அடைத்துவிட்டு முதல் ஆளாகப் போகிறார். செத்தவர் பளிங்குக் கல்லறைக்காரர் என்றால் வாசலிலேயே ஒரு சிலுவை போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார். வரிசைக் குழிக்காரர் என்றால் கடைசிவரை நிற்பார். வரிசை ஓர் இடம் நகர்கிறது என்பது ஒரு காரணம்.

"குழிக்குள்ள போகணும்னா முதல்ல மரிக்கணும் சேட்டா," என்று டின்டு கேலி செய்வார்.

"வரிசை நவுரட்டும் டின்டு. எனக்கென்ன அவசரம்."

இன்னொரு காரணம், பழைய எலும்புகளைப் போடுவதற்காக அன்றைக்கு மட்டும்தான் அந்த இரும்பு மூடியைத் தூக்குகிறார்கள். போன வாரம் ஒரு செங்கல்சூளைக் கூலிக்காரருக்குக் குழி திறந்தார்கள். டின்டுவும் இன்னொருவரும் மூடியைத் தூக்கிப் பிடித்திருக்க, ஏசுரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போய்க் குனிந்தார்.

"பாப்பா, அம்மா மேல வந்து சேந்துட்டாளா?" என்று கேட்டார்.

சற்று நேரம் அப்படியே காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். பாரம் தாங்கவில்லை, நகருங்கள் என்றார் டின்டு.